எர்த் கம்பி எட்டிய தூரம்

மெக்கானிக்கின் மனைவி நடந்தால் தெருவிலிருந்த ரேடியோக்களெல்லாம் கரகரக்கும். உட்கார்ந்தால் ஓயும், கோபப்பட்டால் செய்தி வாசிப்பவரின் குரலே காணாமல் போகும். இது வெளிப்பட வெகுகாலம் ஆனது. ரேடியோ இரைச்சலை அடக்குவதுதான் அவள் கணவரின் தொழில். மாவு மில் மோட்டார், அச்சகத்து மெஷின், டாக்டரின் கார் என்ஜின் என்று ஒன்று விடாமல் இரைச்சலை உறிஞ்சும் கண்டென்சர் மாட்டினார். இரைச்சல் போனபாடில்லை. கடைசியில் கையில் ஒரு சின்ன ரேடியோவோடு மோப்பம் பிடித்துக்கொண்டே போய், தன் வீட்டு அடுப்படியில், மனைவியின் முன்னால் வந்து நின்றார். ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவர் வீட்டிலேயே நோய். அவருக்கு மானம் போயிற்று.

அன்றே அவள் கணுக்காலிலிருந்து தண்ணீர்க் குழாய்க்கு ஓர் எர்த் கம்பி கட்டினார். ரேடியோக்கள் தெளிந்தன, தெருவே அவரைப் பாராட்டியது. அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கம்பி வாசல் கேட் வரைதான் எட்டும். அவளுக்கென்று இருந்த ஒரே அக்காவோ அடுத்த தெருவில், மாடிவீட்டில். முழங்கால் மடங்காததால் படியிறங்க முடியாதவள்.

"கம்பியக் கொஞ்சம் நீளமாப் போடுங்களேன். அக்காவப் பாத்துட்டு வந்துடறேன்."

"நீளமாப் போட்டா அதுவே ஏரியலாயிடும். அப்புறம் ஊரே கரகரக்கும்."

கெட்ட மனிதர் என்றால் சண்டையாவது போடலாம். இவர் வருஷாவருஷம் துருவேறிய கம்பியை மாற்றினார், கால் புண்ணாகாமல் துணி சுற்றினார். அவள் கேட் வரை போவாள், கால் இழுபடும், திரும்புவாள். அழுகை வரும், அதையும் குழாயே குடித்துவிடும்.

காலம் ஓடியது. டிவி வந்தது, போன் வந்தது. தெருவின் கடைசி ரேடியோவை முடிதிருத்துபவர் பழைய இரும்புக்குப் போட்டார். கம்பியை அவிழ்க்க மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

"இப்ப யாரு வீட்டுல ரேடியோ இருக்கு? அவுத்து விடுங்க."

அவர் யோசித்தார். "பழகிப்போச்சே, கெடந்துட்டுப் போகட்டும். அவுத்துட்டா மட்டும் நீ எங்க போகப்போற?"

அவள் அவருடைய கட்டிங் பிளேயரையே எடுத்துக் கம்பியை வெட்டினாள். கேட்டைத் தாண்டியபின்னும் கொஞ்ச தூரம் காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தாள்.

அக்காவுக்குக் காது கேட்காமல் போய்ச் சில வருஷங்களாகியிருந்தன. காதில் மெஷின் வைத்திருந்தாள். தங்கை முதல் படியில் கால் வைத்ததுமே அது கரகரவென்று இரைந்தது. கதவைத் தட்டுமுன் அக்கா திறந்தாள்.

"இவ்ளோ நாளாச்சாடி உனக்கு?"

பக்கத்தில் தங்கை உட்கார்ந்தால் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. அதனால் அக்கா மெஷினைக் கழற்றி அலமாரியில் வைத்தாள். தங்கை இருட்டும்வரை பேசினாள். அக்கா அவள் வாயையே பார்த்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மறுநாளும் அப்படித்தான்.