பத்துச் சத முருங்கை

கதிர்காமநாதனின் முருங்கை இடுப்பளவு உயரம்தான். சாடிக்குள் நிற்கும், மெல்பேர்ன் குளிரிலும் இலை கொட்டாது, காய் மட்டும் முழ நீளம். மல்கிரேவ் வீட்டுப் பின்வளவில் பதினொரு வருடம் பூவோடு பூ சேர்த்து, பிடிக்காததை வெட்டியெறிந்து, அவர் பெற்றெடுத்த பிள்ளை அது. ஊரில் விவசாயத் திணைக்கள அதிகாரி. இங்கே கார் தரிப்பிடத்தில் சீட்டுக் கிழித்தார். புதிய ரகம் என்று மரத்துக்கு உரிமை பதிவானால் எடுத்துக்கொள்கிறோம் என்று ஒரு நாற்றுப் பண்ணை சொன்னதை நம்பி, அறுபதை நெருங்கும் வயதில் அந்த வேலையையும் விட்டார்.

அவருக்காகப் பண்ணை முதலாளியோடு பேரம் பேசியவன் அவருடைய சிநேகிதன் நான். கொழும்பு மொத்தக் கடைகளுக்கு நடுவே வளர்ந்தவனுக்கு அது ஒரு வேலையா? விலை கேட்டதும் செருமவேண்டும். இரண்டாம் முறை கேட்டால் எழும்பிவிடவேண்டும். கார்க் கதவு வரை போய்த் திரும்பியதில் விற்பனையில் நல்ல பங்கு படிந்தது. இனிப் பதிவு ஒன்றுதான் பாக்கி.

தொண்ணூற்றெட்டு ஆடியில் தனலெட்சுமி வந்தாள். சிங்கப்பூர்ப் பெண். புதிய ரகங்களைச் சோதித்து அரசாங்கத்துக்குச் சான்று எழுதுவது அவள் தொழில். மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"சூப்பர் அங்கிள். இந்த மாதிரி எங்கேயும் இல்ல. ஒரே ஒரு கேள்வி. இதுக்கு முன்னாடி யாருக்காவது வித்திருக்கீங்களா?"

"சீச்சீ! கோயிலுக்கு வாற சனம் கேட்டால் ஒரு தடி வெட்டிக் குடுக்கிறது. அவ்வளவுதான்."

"ஃப்ரீயாதானே?"

தேத்தண்ணியோடு வந்த சிவனேஸ்வரிக்கு ரோசம் வந்துவிட்டது. புருஷனை ஏமாளி என்று வந்தவள் நினைத்துவிடுவாளோ என்ற பயம்.

"ஒருத்தருக்கும் சும்மா குடுக்கேல்லைப் பிள்ளை. சும்மா குடுத்தால் வேர் பிடிக்குமே? பத்துச் சதம் எண்டாலும் கையில வாங்கிப்போட்டுத்தான் குடுப்பன். அதுதான் எல்லா வீட்டிலும் செழிச்சு நிக்குது!"

"எப்போலேர்ந்து ஆன்ட்டி?"

"மூண்டு வருசமா."

தனலெட்சுமி பேனாவை மூடினாள்.

"காசு வாங்கினா அது sale, அங்கிள். மொத sale நடந்து ஒரு வருஷத்துக்குள்ள அப்ளை பண்ணியிருக்கணும். இப்போ முடியாது."

"பத்துச் சதம் விலையா, தங்கச்சி?" என்று நான் புகுந்தேன். "சம்பிரதாயம். காணிக்கை எண்டு போடும். இல்லாட்டி உமக்குக் காது கேக்கேல்லை எண்டு வையும்."

"மெல்பேர்ன் முழுக்க அந்த மரம் நிக்குது. கேட்டா ஒவ்வொருத்தரும் காசு குடுத்ததைப் பெருமையா சொல்வாங்களே, அங்கிள்." பிறகு, தாழ்ந்த குரலில், "சும்மா குடுத்திருந்தா பிரச்சினையே இல்ல" என்றாள்.

சும்மா கொடுத்தவன் பிழைக்கிற சந்தையை நான் கண்டதில்லை. செருமினேன். எழும்பி நின்றேன். யாரும் என்னை இருக்கச் சொல்லவில்லை.

கதிர்காமநாதன் மனைவியை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்று மட்டும் எங்களிடம் சொன்னார். தன் கோப்பையை அவர் தொடவில்லை.

அடுத்த கிழமை பண்ணை முதலாளி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு உண்மையாகவே வருத்தப்பட்டார். உரிமை இல்லாத மரத்தை யாரும் வளர்த்து விற்கலாம், அதற்குப் பங்கு தர முடியாது என்றார். புறப்படும்போது, ஒரு தடி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

கதிர்காமநாதன் கத்தியை எடுத்துத் தானே வெட்டினார். நல்ல தடி. மனுசனுக்குக் கெட்ட தடி வெட்டத் தெரியாது. முதலாளி சட்டைப் பைக்குள் கைவிட்டார்.

"காசு வேண்டாம்" என்றாள் சிவனேஸ்வரி. அவர் கையையே பார்த்துக்கொண்டு மறுபடியும் சொன்னாள். "ஒரு சதமும் வேண்டாம். சும்மா கொண்டு போகச் சொல்லுங்கோ."

நான் மொழிபெயர்த்தேன். பெரிய மனசு என்று அவர் கைகூப்பினார்.

வசந்தம் வந்ததும் அந்தப் பண்ணைக்குப் போய்ப் பார்த்தேன். அந்த ஒரு தடியைத் துண்டு துண்டாக நறுக்கி நட்ட சாடிகள், வரிசை வரிசையாக. எல்லாத் துண்டும் துளிர்த்திருந்தது. சிவனேஸ்வரி கேட்டபோது அந்தத் தடி பட்டுப்போச்சு என்று சொன்னேன். அவள் நம்பினாள். கதிர்காமநாதன் என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. முருங்கை எப்படித் துளிர்க்கும் என்று அவருக்குத் தெரியும்.