நெவெனா வகுப்பின் கோரிக்கைக் கடிதம்

எங்கள் விதின் ஊரில் ஆங்கிலக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுப்பது என்றால் ஊரைக் காலி செய்யச் சொல்லிக்கொடுப்பது என்று அர்த்தம். நெவெனா பதினோரு வருடமாக அந்தத் திருப்பணியைத்தான் செய்துவந்தாள். வேலைக்கு விண்ணப்பம், வீட்டுச் சொந்தக்காரருக்குப் புகார், விடுப்புக்கு விளக்கம் என்று அவளிடம் எழுதிப் பழகியவர்கள் டப்ளினிலும் லீட்ஸிலும் உட்கார்ந்துகொண்டு கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புகிறார்கள். அவள் மட்டும் அதே மாடி அறையில், கால் ஆடுகிற அதே நாற்காலியில்.

இந்த முறை அவளுக்கே ஒரு கதவு திறந்திருந்தது. மால்டாவில் ஒரு பள்ளி, ஏப்ரல் முதல் தேதி வேலை. இந்த வெள்ளிக்கிழமைக்குள் இப்போதைய முதலாளியின் பரிந்துரைக் கடிதத்தை அனுப்ப வேண்டும். ஒரு நாள் தள்ளிப் போனாலும் வேலை அடுத்த ஆளுக்கு என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். நாற்பத்து நான்கு வயதில் இன்னொரு கதவு திறக்கும் என்று நம்ப நெவெனா ஒன்றும் அசடு இல்லை.

முதலாளி ஸ்பாஸுக்கு ஆங்கிலம் வராது. ஆங்கிலப் பள்ளி நடத்த ஆங்கிலம் எதற்கு, வட்ட முத்திரை ஒன்று இருந்தால் போதாதா? எங்கள் ஊர் முதலாளிகள் எல்லோரும் சொல்வதையே அவரும் சொன்னார்.

"நீயே எழுதிக்கிட்டு வாம்மா. நான் சீல் குத்தித் தர்றேன்."

செவ்வாய்க்கிழமை எழுதிக்கொண்டு போனாள். தன்னைத் தானே புகழக் கூச்சமாக இருந்ததால் வெறும் தகவல்களாக எழுதியிருந்தாள். ஸ்பாஸ் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"என்ன எழுதியிருக்குன்னு தெரியாம எப்படிக் குத்துறது? இந்தக் கட்டடத்தையே உன் பேருக்கு எழுதியிருந்தா நான் எங்க போவேன்? ரெண்டு நாள் பொறு."

பொறுத்தது தப்பு. காசில்லாமல் மொழிபெயர்க்க மனிதர் வழி கண்டுபிடித்துவிட்டார். கடிதத்தை அவளுடைய வகுப்புக்காரர்களிடமே கொடுத்திருந்தார்.

வியாழன் மாலை அவள் உள்ளே நுழைந்தபோது ஒன்பது பேரும் அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். லாரி ஓட்டும் மிலென்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"மால்டால வெயில் ஜாஸ்தியாமே டீச்சர். தொப்பி வாங்கியாச்சா?"

"சும்மா இருடா," என்றாள் கின்கா. ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்ப்பவள், ஐம்பதைத் தொடுகிறவள். எழுந்து வந்து இரண்டு தாள்களை மேசையில் வைத்தாள். "முதலாளிக்கு ஒரு வார்த்தை மாத்தாம படிச்சுச் சொன்னோம். சீல் குத்திட்டாரு. இன்னொண்ணு எங்க வீட்டுப்பாடம். கோரிக்கைக் கடிதம் எழுதச் சொன்னீங்கள்ல. எல்லாரும் சேர்ந்து ஒண்ணா எழுதினோம்."

அழாதே, கெஞ்சாதே, தகவலைச் சொல், ஒன்றே ஒன்றைக் கேள், அதற்கும் தேதி கொடு. நெவெனா வாய் வலிக்கச் சொல்லிக்கொடுத்தது அதுதான். அவர்கள் எழுதியிருந்தது இது:

"நாங்கள் ஒன்பது பேர். எங்கள் ஆங்கிலத் தேர்வு மே பதினான்காம் தேதி. எண்பது கிலோமீட்டருக்குள் இதற்குக் கற்றுத்தர வேறு ஆசிரியர் இல்லை. எங்களில் நால்வருக்கு வேலை உறுதியாகிவிட்டது. தேர்வில் தேறாவிட்டால் அது செல்லாது. தாங்கள் மே பதினான்கு வரை மட்டும் இருக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் தெரிவிக்கவும்."

சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு தப்பாவது கிடைக்காதா என்று தேடினாள். கிடைக்கவில்லை. பதினோரு வருடத்தில் அவள் வகுப்பில் இப்படி ஒரு கடிதம் எழுதப்பட்டதே இல்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது போலிருந்தது. கோபம் கோபமாக வந்தது, ஆனால் கோபப்பட ஆள்தான் இல்லை.

"எவ்வளவு டீச்சர்?" என்றான் மிலென்.

"ஆறு," என்றாள். எங்கள் ஊரில் ஆறுக்கு மேல் மதிப்பெண் கிடையாது.

"அப்ப பதில்?" என்றாள் கின்கா.

"நாளைக்குத்தானே கெடு வச்சிருக்கீங்க." நெவெனா சிவப்புப் பேனாவை மூடினாள். "மே முடிஞ்சா நீங்க எல்லாரும் போயிடுவீங்க."

"போயிடுவோம்," என்றாள் கின்கா. அவள் பொய் சொல்லத் தெரியாதவள். "அதுக்குத்தானே டீச்சர் வந்து சேர்ந்தோம்."

வெள்ளி காலையில் வகுப்புக்குப் பதில் எழுத உட்கார்ந்தாள். மறுப்புக் கடிதத்துக்கும் அவளிடம் ஒரு பாடம் உண்டு. முதல் வரியில் நன்றி, இரண்டாவது வரியில் இல்லை, மூன்றாவது வரியில் காரணம். நன்றி உடனே வந்தது. இரண்டாவது வரிக்கு வரும்போதெல்லாம், இரவுப் பணி முடித்து வந்து நாக்கைக் கடித்துக்கொண்டு எழுத்துக்கூட்டும் கின்கா முன்னால் வந்து நின்றாள். நான்கு தாள் கிழிந்தது. மணி பதினொன்று ஆயிற்று.

ஐந்தாவது தாளை எடுத்து மால்டாவுக்கு எழுதினாள். நன்றி. இல்லை. காரணம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. திருப்பிப் படித்துப் பார்க்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.