யக்ஞநாராயணன் மொழிபெயர்த்த மந்திரம்

யக்ஞநாராயணன் தாலுகா ஆபீஸில் தலைமை குமாஸ்தாவாக இருந்து ரிடையர் ஆனவர். ஒரு காரியத்தைத் தள்ளிப்போட வேண்டுமென்றால் அதன்பேரில் ஒரு ஃபைல் திறந்துவிடுவது அவருக்குக் கைவந்த கலை. சேலையூர் வீட்டில் பதினோரு வருஷமாக அவர் திறந்து வைத்திருந்த ஃபைல், வெறுமையைப் பற்றிய ஒரு பௌத்த சூத்திரம். மூலம் மொத்தமே ஒரு பக்கம். அதற்கு அவர் எழுதிய குறிப்பு முந்நூறு பக்கம்.

"இதுவே ரெண்டு பக்கமா இருந்திருந்தா உங்களுக்கு அடுத்த ஜன்மமும் போறாது" என்பாள் அவர் மனைவி சரோஜினி.

கேலிக்குப் பின்னால் இருந்த சங்கதி வேறு. அறுபத்திரண்டு நவம்பரில், சீனச் சண்டையில், பனிமலையில் அவர்களுடைய ஒரே மகன் பட்டாபிராமன் காணாமல் போனான். செத்தான் என்று பட்டாளத்திலிருந்து காகிதம் வரவில்லை. காணவில்லை என்றுதான் தந்தி வந்தது. அப்படிப் போனவனுக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்து, தர்ப்பையால் உருவம் செய்து தகனம் பண்ணி, கர்மம் செய்ய வேண்டும் என்பது அவர்கள் சாஸ்திரம். இந்தக் கார்த்திகையோடு பன்னிரண்டு முடிகிறது. நாள் குறிக்கட்டுமா என்று குடும்பப் புரோகிதரான வாத்தியார் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். சூத்திரம் முடியட்டும் என்று இரண்டு தடவையும் பதில் போயிற்று.

பட்டாபிக்கும் சூத்திரத்துக்கும் சம்பந்தம் உண்டு. சண்டையில் கைதியாகப் பிடிபட்டுத் திரும்பிய ஒரு ஹவில்தார் மறுவருஷம் வீடு தேடி வந்தார். பனியில் கிடந்த நம் ஆட்களுக்காக மலையிலிருந்து லாமாக்கள் இறங்கிவந்து ஏதோ ஓதினார்கள் என்றார். சூனியத்தைப் பற்றிய சூத்திரமாம், கடைசியில் ஒரு மந்திரமாம். உள்ளூர்க்காரன் ஒருவன் அவரிடம் சொன்னது. கிடந்தவர்களில் பட்டாபி இருந்தானா என்று அவருக்குத் தெரியவில்லை. இருந்திருந்தால், மகன் தலைமாட்டில் சொன்னது இன்னதென்று தகப்பன் தெரிந்துகொள்ள வேண்டாமா? யக்ஞநாராயணன் எழும்பூரில் ஒரு பௌத்த சங்கத்துக்குப் போய் சமஸ்கிருத மூலத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு வந்தார். தெரிந்துகொள்ள ஆசைப்பட்டது நிஜம். தெரிந்துவிட்டால் அடுத்தது கர்மம்தான் என்று உள்ளூரப் பயந்ததும் நிஜம். அதனால்தான் வேலை நீண்டுகொண்டே போயிற்று.

ஐப்பசி பிறந்ததும் சரோஜினி பேசுவதையே குறைத்துவிட்டாள். அதற்குமேல் சாக்குச் சொல்ல வழியில்லாமல், மேற்குத் தாம்பரத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தும் அமலராணியிடம், செய்து வைத்திருந்த தமிழாக்கத்தை டைப் அடிக்கக் கொடுத்தார்.

'உருவமே வெறுமை, வெறுமையே உருவம்' என்பது வரை தமிழாக்கம் ஒழுங்குதான். அதற்கப்புறம் மூலத்தில் இல்லை, இல்லை என்று ஒரே அடுக்கு. முப்பத்தைந்து வருஷப் பழக்கம் சும்மா விடுமா? 'கண் இல்லை, காது ஷெ, மூக்கு ஷெ, நாக்கு ஷெ' என்று எழுதிவிட்டார். ஷெ என்றால் மேற்படி. ரெவின்யூ இலாகா அந்த ஒற்றை எழுத்தின்மேல்தான் நடந்தது. மந்திரத்துக்கும் அதே கதி: 'போயாயிற்று, ஷெ, அக்கரைக்கு ஷெ, முழுக்க அக்கரைக்கு ஷெ. விழிப்பே, வாழ்க.'

நாலு நாள் கழித்து வாங்கப் போனவர், தாள்களைப் புரட்டியதும் முகம் சிவந்தார்.

"ரெண்டு பக்கம்தானேம்மா குடுத்தேன்? நாலா வந்திருக்கே?"

"ஷெ போட்ட இடத்துலல்லாம் முழுசா அடிச்சிட்டேன் சார்."

"யாரைக் கேட்டு? படிக்கறவனுக்குப் புரியாதா?"

"புரியும் சார். ஆனா இது படிக்கிறதா, ஓதுறதா?"

"ஓதறதுதான்."

"நாங்க தெனம் ஜெபமாலை சொல்றோம். அம்பத்து மூணு தடவை அதே மன்றாட்டு. ஒண்ணு சொல்லிட்டு, பாக்கி அம்பத்திரண்டும் ஷென்னு எழுந்துட்டா மாதா ஒத்துக்குவாங்களா?"

தாசில்தார்களையே மடக்கியவர் தாள்களை மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

"ஒருவாட்டி வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க சார். பிடிக்கலேன்னா மாத்தி அடிச்சுத் தர்றேன்" என்றாள் அமலராணி.

அன்று மத்தியானம், வெளியே தூறிக்கொண்டிருக்க, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அவளிடம் பிழை பிடித்தே தீருவது என்றுதான் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

கண் இல்லை. பட்டாபிக்கு இடது கண் சற்றுச் சின்னது. காது இல்லை. எட்டு வயதில் காதில் சீழ் வடிந்தபோது அவன் தலையை இவர் மடியில் வைத்துக்கொண்டு ராப்பகலாக உட்கார்ந்திருக்கிறார். மூக்கு இல்லை, நாக்கு இல்லை, உடல் இல்லை. ஒவ்வொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. ஷெ போட்டு ஷெ போட்டு அவர் தாண்டிப் போனது இத்தனையையும்தான். கண்ணாடி மங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு மேலே படித்தார். முதுமை இல்லை, சாவு இல்லை. சாவு தீர்ந்துபோவதும் இல்லை.

குறிப்பு முந்நூறு பக்கத்திலும் வெறுமை என்றால் அவர் கணக்கில் பூஜ்யம். அது அப்படியில்லை என்று இப்போது தெரிந்தது. பட்டாபி இருந்தது பொய்யில்லை. என்னுடையது என்று பிடித்து வைத்துக்கொள்ளும்படி அவனிடத்தில் எதுவும் இருந்ததில்லை, அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷமாக அவர் பிடித்து வைத்திருந்தது ஒரு தந்தியை.

"போயாயிற்று, போயாயிற்று, அக்கரைக்குப் போயாயிற்று, முழுக்க அக்கரைக்குப் போயாயிற்று..."

குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. சரோஜினி கையில் கரண்டியோடு கூடத்துக்கு வந்து நின்றாள்.

"போயாயிற்றா? யாரு?"

சூத்திரத்தில் வருகிறது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்த பதில் அதுதான்.

"பட்டாபி" என்றார். "நம்ம பட்டாபி போயிட்டான், சரோஜா. வாத்தியாராத்துக்கு நானே போய் நாள் பார்த்துண்டு வந்துடறேன்."

அவர் சட்டையைத் தேடி எழுந்தார். சரோஜினி அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவளும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"நாளைக்குப் போகலாம். உசிரோட இருக்கறவனுக்கு அழுதா அபசகுனம்னு சொன்னேளே, பன்னண்டு வருஷமா இந்த ஆத்துல நான் வாய்விட்டு அழலை" என்றாள். "இப்ப அழலாமோல்லியோ?"