சின்னதாக வெட்டி அனுப்பு

ஸ்கேன் சென்டரில் எல்லோருக்கும் அவன் நெட்டு. ஆள் நெடுநெடுவென்று இருப்பதாலா, நெட்வொர்க் பார்ப்பதாலா என்பது அவனுக்கே தெரியாது.

"மெயில் மறுபடி நின்னுடுச்சு, நெட்டு," என்றார் படம் எடுக்கும் அக்கா.

சிறுநீரகக் கல்லோடு ஒருவர் உள்ளே படுத்து முனகிக்கொண்டிருந்தார். தொலைவில் இருக்கும் சர்ஜன் படத்தைப் பார்த்துத்தான் ஆபரேஷனுக்கு நாள் குறிக்க வேண்டும். சர்ஜன் வீட்டுக்குக் கிளம்புவதற்குள் படம் போய்ச் சேராவிட்டால் அடுத்த வாரம்தான்.

நெட்டு வரிசையாகப் பார்த்தான். கேபிள் சரி. பாஸ்வேர்ட் சரி. 'டெஸ்ட்' என்று அடித்த மெயில் சிட்டாய்ப் பறந்தது. படத்தை இணைத்தால் மட்டும் அவுட்பாக்ஸை விட்டு நகர மாட்டேன் என்றது. நேற்றுவரை போனதுதானே? இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையோ என்று தோன்றியது.

"மெயில கொண்டுபோற அந்த டிசிபி முறை ரொம்ப நம்பகமானதுன்னு சாயங்கால கிளாஸ்ல படிச்சேன்னியே?"

"நம்பகமானதுதான்க்கா. சேரலன்னா திரும்பத் திரும்ப அனுப்பும்."

"அது அனுப்பிட்டே இருக்கட்டும். அந்த மனுஷன் துடிச்சிட்டே இருக்கட்டும்!"

சுருக்கென்றது. ஆனால் ஏன் அதையே திரும்பத் திரும்ப அனுப்புகிறது? பெரிய மெயில் துண்டு துண்டாகத்தான் போகும். வழியில் ஒரு குறுகலில் துண்டு நுழையாவிட்டால், அங்கிருக்கும் ரவுட்டர் 'சின்னதாக வெட்டி அனுப்பு' என்று சேதி சொல்லும். அந்தச் சேதி வராவிட்டால்?

அப்போதுதான் உறைத்தது. நேற்று மாலை வகுப்பில், 'இருக்கிறாயா' என்று வெளியிலிருந்து தட்டிப் பார்க்கும் பிங் சேதியை அடைத்தால் பாதுகாப்பு என்று கேட்டுவிட்டு, காலையில் வந்ததும் வராததுமாக அந்த வகைச் சேதி அத்தனையையும் ஃபயர்வாலில் அடைத்திருந்தான். ரவுட்டர் சொல்லும் சேதியும் அந்த வகைதான்.

"என்ன முழிக்கறே?"

"கதவச் சாத்திட்டாங்கக்கா."

"யாரு?"

"நான்தான்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். அவன் அடைப்பை எடுத்தான். மெயில் நகர்ந்தது, முடிந்தது.

"போயிடுச்சா தம்பி?" என்று நோயாளியின் மனைவி எட்டிப் பார்த்தார்.

"இங்கேருந்து போயிடுச்சும்மா," என்றான். அதற்குமேல் சொல்லத் தைரியம் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கே போன் போட்டான். நர்ஸ் எடுத்தார்.

"டாக்டர் படிக்கட்டுல இறங்கிட்டாரே! இருங்க, லைன்லயே இருங்க."

காத்திருந்தான். காது சூடாகிவிட்டது. கடைசியில் நர்ஸ் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். "பார்த்துட்டாரு. நாளைக்குக் காலையில கூட்டிட்டு வரச் சொன்னாரு."

"நாளைக்கா?" அந்த அம்மா வாயில் கைவைத்தார். "ஆபரேஷன் இன்னிக்கே இருக்கும்னு, விடிஞ்சதுலேர்ந்து அவர பட்டினி போட்டு வச்சிருக்கேனே!"

அக்கா நெட்டுவைப் பார்த்தார்.

"ஓடு. சாப்பிட ஏதாவது வாங்கிட்டு வா. உன் செலவுல."