புது உலைக்கு யார் பெயர்

வெர்டெல்பாக் ஊரில் ரொட்டி வாங்கப் போனாலே ஒட்டிலி அம்மாளுக்கு உடம்பு கூசும்.

"ஒட்டிலிக்கு நேத்து தொண்டை அடைச்சுக்கிச்சாம்" என்பான் கடைக்காரன்.

"வயசாச்சுல்ல. திங்கிறது மலையளவு, கக்குறது கையளவு" என்பாள் வரிசையில் நிற்கும் ஒருத்தி. அப்புறம்தான் பின்னால் திரும்பிப் பார்த்து, "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க, ஊதுலையைச் சொன்னோம்" என்று வழிவாள். ஊதுலையைத்தான் சொல்கிறார்கள் என்று ஒட்டிலிக்குத் தெரியாதா என்ன. தெரிந்து என்ன புண்ணியம்.

அந்த ஊர் எஃகு ஆலையில் ஒரு வழக்கம். இரும்பு உருக்கப் புது ஊதுலை கட்டினால், அதில் முதல் தீயை வைப்பது ஆலைத் தலைவரின் மனைவி. வைத்தவள் பெயரே உலைக்கு. ஆலையின் சரித்திரத்தை எழுதச் சொல்லி ஒரு பேராசிரியரைப் பிடித்து, தலையணை கனத்தில் புத்தகம் போட்டார்கள். ஒருவரும் படிக்கவில்லை. ஊர்க்காரர்களுக்கு நாலு பெண்களின் பெயர் போதும். ஆலையைத் தொடங்கியவரின் மனைவி கரோலினே. அவள் பெயரில் விறகுக்கரி தின்ற குட்டி உலை. மகன் காலத்தில் ரயில் வந்தது, அவன் மனைவி ஃப்ரீடரிக்கே பெயரில் அடுத்த உலையும் வந்தது. பேரன் காலத்தில் ஆலை நொடித்துப் பட்டணத்து வங்கிக்காரர் கைக்குப் போயிற்று. அவர் மனைவி அடெல்ஹைட் வெள்ளைக் கையுறையோடு வந்து தீயை வைத்துவிட்டு அடுத்த ரயிலிலேயே திரும்பிவிட்டாள்; அந்த உலை ஒருநாளும் ஒழுங்காக எரிந்ததில்லை. போர் முடிந்து இடிபாட்டிலிருந்து எழுப்பிய உலைக்குத்தான் ஒட்டிலி. அப்போது அவள் கணவர் இயக்குநர். அவர் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிவிட்டது. அவள் பெயர் மட்டும் இன்னும் ஆலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

அறுபதுகளின் கடைசியில் அந்த உலைக்கும் விடுதலை வந்தது. பக்கத்துப் பள்ளத்தாக்கு ஆலையும் இந்த ஆலையும் ஒன்றாகச் சேர்வதாகப் பேச்சு. தனித்தனியே நின்றால் ரூர் ஆற்றுப் பக்கத்துப் பெரிய ஆலைகள் இரண்டையும் விழுங்கி ஏப்பம் விட்டுவிடும். பொதுவில் பெரிய உலை ஒன்றும் கட்டி முடித்தாயிற்று. பழையதை அணைக்கப் போகிறார்கள் என்றதும் ஒட்டிலி அம்மாளுக்கு உள்ளூரக் கொண்டாட்டம். இனியாவது மனுஷியாக ரொட்டி வாங்கலாம்.

அதற்குள் வந்தது வினை. இங்கே இயக்குநர் ட்ரைஸ்பாக், அங்கே இயக்குநர் ஸ்டாம். ஆளுக்கொரு மனைவி, உலையோ ஒன்று. அலுவலகம் எங்கே, பலகையில் எந்த ஊர் முதலில் என்று எல்லாவற்றையும் பேசித் தீர்த்தவர்கள், உலையின் பெயரில் வந்து முறுக்கிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை கையெழுத்து. கெர்லிண்டே என்று பெயர் வைக்காவிட்டால் பேனாவைத் தொட மாட்டேன் என்றார் ட்ரைஸ்பாக். ரோஸ்விதா இல்லையென்றால் காரை விட்டே இறங்க மாட்டேன் என்றார் ஸ்டாம். இந்தக் கூத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று யாரும் கேட்கவில்லை.

உலை மேஸ்திரி அலோய்ஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒட்டிலி வீட்டுக்கு வந்தார்.

"அம்மா, பழைய பேரையே புதுசுக்கும் வெச்சுட்டா வம்பே இல்ல. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"என் பேரென்ன சத்திரமா, போறவங்க வர்றவங்க தங்குறதுக்கு? இருபது வருஷம் பட்டது போதும் அலோய்ஸ்."

"கையெழுத்து ஆகலைன்னா ரெண்டு ஊரும் நடுத்தெருவுலதாம்மா நிக்கணும்."

"நிக்காது. அந்த ரெண்டு பொம்பளைங்ககிட்ட நான் பேசுறேன். வீராப்பெல்லாம் வீட்டுக்காரங்களுக்குத்தான் இருக்கும்."

வியாழக்கிழமை மதியம் இருவரையும் ஆலைச் சாப்பாட்டுக் கூடத்துக்கே வரவழைத்தாள். பட்டாணி சூப், தொத்திறைச்சி. கெர்லிண்டே சுவரைப் பார்த்துச் சாப்பிட்டாள், ரோஸ்விதா கதவைப் பார்த்து. ஒட்டிலி பேச்சைத் தொடங்குவதற்குள் பக்கத்து மேசையில் உலைக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். இந்தப் பெண்கள் யாரென்று அவர்கள் கவனிக்கவில்லை.

"கிழவி காலையில விட்டா பாரு ஒரு ஏப்பம், கரியெல்லாம் என் தலைமேல" என்றான் செம்பட்டை மீசைக்காரன் ஒருவன்.

"ஒட்டிலி கதை முடிஞ்சுது விடு. அடுத்து கெர்லிண்டேவாம். இவளைவிட ரெண்டு மடங்கு குண்டு."

"ரோஸ்விதான்னுல்ல சொன்னாங்க?"

"எவளா இருந்தா என்ன. முதல் வாரம் மூக்கு ஒழுகும், கண்டதைத் தின்னுட்டு நாறுவா. அப்புறம் வழிக்கு வந்துடுவா."

கெர்லிண்டேயின் கரண்டி சூப்பில் விழுந்தது. "தினமும் இப்படித்தான் பேசுவாங்களா?"

"தினமும்தான்" என்றாள் ஒட்டிலி, யோசிக்காமல். "பேப்பர்லகூடப் போடுவாங்க. ஒட்டிலி வயித்துல ஓட்டைன்னு ஒரு தடவை தலைப்பே வந்துச்சு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். காரியம் கெட்டுவிட்டது.

"ரோஸ்விதா, வயசுல மூத்தவங்க நீங்க. இந்த மரியாதை உங்களுக்குத்தான் பொருத்தம்" என்றாள் கெர்லிண்டே.

"எனக்கெதுக்குங்க? உலை இருக்கிறது உங்க ஊரு. நீங்கதான் முறை."

இருவரும் ஒரே காரில், உயிர்த்தோழிகளாகக் கிளம்பிப் போனார்கள். என் பெயரை வைத்தால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அன்றைக்கே இரண்டு வீட்டிலும் சொல்லியாயிற்று. மறுநாள் இயக்குநர்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, "உங்க வீட்டம்மா பேருதான்" என்று ஒருவரை ஒருவர் உபசரித்துக்கொண்டிருந்தார்கள். கையெழுத்து மட்டும் ஆகவில்லை.

அதே காலையில் பழைய உலையிலிருந்து கடைசி இரும்பை இறக்கினார்கள். நீங்க இல்லாம எப்படிம்மா என்று அலோய்ஸ் வற்புறுத்தியதால் ஒட்டிலி போய் நின்றாள். சிவந்து ஓடி வந்தது மெலிந்தது, சொட்டியது, நின்றது. இத்தனை வருஷமாக ஊரின் காதில் இருந்த காற்று இரைச்சலும் அடங்கியது. ஆட்கள் தொப்பியைக் கழற்றினார்கள். செம்பட்டை மீசைக்காரன் விசும்பிக்கொண்டிருந்தான்.

"நேத்து கிழவின்னீங்களே" என்றாள் ஒட்டிலி.

நேற்று பக்கத்து மேசையில் இருந்தவள் இவள்தான் என்று புரிந்து அவன் பதறிப் போனான். "எங்க கிழவிம்மா அவ. போர்க்கைதி முகாம்லேருந்து வெறுங்கையோட வந்தவன் நான். வீடு, பிள்ளைங்க, எல்லாம் இவ போட்ட சோறு. சொந்தக்காரியைத் திட்டாம வேற யாரைத் திட்டுறது? புதுசுக்கு எந்தப் பேரை வெச்சாலும் என் வாயில வராதும்மா."

ஒட்டிலி அம்மாளுக்கு நிஜமாகவே தொண்டை அடைத்துக்கொண்டது. இருபது வருஷம் தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்தோமே என்று அழுகையும் சிரிப்புமாக வந்தது.

"அலோய்ஸ், அவங்க ரெண்டு பேரும் இன்னும் உக்காந்திருக்காங்களா?"

"உக்காந்திருக்காங்க. நீங்க முதல்ல, நீங்க முதல்லன்னு."

"என் பேரையே வெச்சுக்கச் சொல்லுங்க. தீயும் நான்தான் வைப்பேன். கையுறையெல்லாம் வேண்டாம்."

புது உலை எரியத் தொடங்கிய வாரத்தில் அவள் ரொட்டிக் கடைக்குப் போனாள். வரிசையில் யாரோ, "ஒட்டிலி எப்படி இருக்காளாம்?" என்று கேட்டுவிட்டு, பின்னால் நிற்பவளைப் பார்த்து விறைத்துப் போனார்கள்.

"மூக்கு கொஞ்சம் ஒழுகுது" என்றாள் ஒட்டிலி அம்மாள். "மத்தபடி சௌக்கியம். பசிதான் தாங்கல, இன்னொரு ரொட்டி சேர்த்துப் போடுங்க."