போடிமெட்டுக்கு வாங்கிய பிரேக் பேட்

ஒரு ஜோடி பிரேக் பேட் வாங்கப் பதினோரு நாள் யோசித்தவன் இந்த மேலகரத்திலேயே சிவனணைந்தபெருமாள் என்கிற நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். மனைவி ஆனந்தவள்ளி மகளின் படிப்புக்காகச் சென்னையில் இருக்கிறாள். வீட்டில் நானும், டிஸ்க் பிரேக் வைத்த என் மலைச் சைக்கிளும்தான். யோசிக்க நேரத்துக்கு என்ன பஞ்சம்?

சக்கரத்து டிஸ்க்கைக் கவ்வி நிறுத்துவது இந்தப் பேட்தான். பிசினில் செய்த ரெசின் பேட் என்றால் சத்தம் இருக்காது. ஆனால் நீண்ட இறக்கத்தில் சூடேறி, பாதி மலையில் கைவிட்டுவிடும். மெட்டல் பேட் சூட்டைத் தாங்கும். ஊரைக் கூட்டிக் கத்தும். தேனிப் பக்கத்துப் போடிமெட்டு மலையிலிருந்து கீழே பதினேழு கொண்டை ஊசி வளைவு. "மெட்டல் போட்டுட்டு வாங்கண்ணா. நீங்க இல்லாம இறங்க மாட்டோம்" என்று மதுரை சைக்கிள் குழுவின் புவனேஷ் சொல்லியிருந்தான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை கூத்தும். எட்டுப் பேரோடு சேர்ந்து ஒரு மலை இறங்க வேண்டும். தனியாகவே மிதித்து மிதித்து அலுத்துவிட்டது, ஐயா.

மெட்டலே வாங்கினேன். வியாழக்கிழமை மாட்டி, தெருவில் நாலு தரம் பிடித்துப் பார்த்தேன். கீச்சென்று கத்தியது. பக்கத்து வீட்டுக் கடற்கரை அண்ணாச்சி காதைப் பொத்திக்கொண்டார். குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவர் தொழில். தினமும் சாயங்காலம் என் வாசற்படியில் வந்து உட்கார்ந்து, அருவியில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்காமலே சொல்வார். எனக்கு அது பெரிய தொல்லை.

சனிக்கிழமை, தேனி பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் ஒரு சுற்றுப் போனேன். பிரேக்கைப் பிடித்தால் சைக்கிள் நிற்கவில்லை. சுவரில் முட்டித்தான் நின்றேன். டிஸ்க்கைத் தொட்டால் பிசுபிசுவென்று தேங்காய் எண்ணெய்.

"நான்தாம்லே நேத்து விட்டேன். கீச்சு கீச்சுன்னு கிடந்துச்சு. இப்பம் சத்தம் வருதா பாரு!" என்றார் அண்ணாச்சி, பெருமையாக.

"கூறு இருக்கா வே உமக்கு? எண்ணெய் பட்டா பேடு அம்புட்டுத்தான்! மலையில வச்சுப் பிடிக்கலேன்னா நான் பொணம்! இனிமே என் வாசப்படிய மிதிக்காதீரும்!"

அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டே போனார். நான் பேடைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், உப்புத்தாளில் தேய்த்தேன், அடுப்பில் வாட்டினேன். ஊறிய எண்ணெய் போகுமா? தென்காசிக் கடைகளில் ஏறி இறங்கினேன். அந்த அளவு இல்லை என்றார்கள். பஸ்ஸும் போய்விட்டது.

குழுவுக்கு நான் செய்தி போடவில்லை. வீம்புதான். ஆளைக் காணோமே என்று அவர்களே கூப்பிடட்டும், அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

ஞாயிறு காலை ஆறரைக்குப் போடிமெட்டில் கூடுவதாகப் பேச்சு. ஐந்து மணியிலிருந்தே போன் என் கையில். ஏழானது, எட்டானது. சிக்னல் இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் படம் வந்தது. மலையடிவாரத்தில் எட்டுப் பேர் கட்டைவிரலைத் தூக்கி நின்றார்கள். கீழே புவனேஷ் எழுதியிருந்தான்: 'ஒருத்தர் விடாம எல்லாரும் பத்திரமா இறங்கியாச்சு!'

நாற்பத்தொன்பது வயதில் இதற்குப் போய் அழுதேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

முகம் கழுவக் குழாயடிக்கு வந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி நின்றார்.

"ஏ பெருமாளு, மலைக்குப் போகலியா? காலைல இருந்து வீட்டுல லைட்டு எரியுதே. மேலுக்குச் சொகமில்லையாலே?"

"இங்கன வாரும் அண்ணாச்சி, செத்த உக்காரும்."

அவர் என் வாசற்படியைப் பார்த்தார்.

"இருக்கட்டும்லே. நீ வராதன்னுட்டியே" என்றார், கோபமே இல்லாமல். பிறகு உள்ளே போய்விட்டார்.