எங்கேஜ் சத்தம்

மலேசியாவில், அலோர்ஸ்டாரை ஒட்டிய மெர்கோங்கில் அந்த வரிசையிலேயே போன் இருந்தது அக்னஸ் வீட்டில் மட்டும்தான். அந்தப் பெருமைதான் அவளை மாட்டிவிட்டது. சர்ச் சந்தையில் யாரோ அதிர்ஷ்டக் குலுக்கல் சீட்டு நீட்ட, மற்றவர்கள் விலாசத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். இவள் போன் நம்பரையும் கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டாள். பரிசு வரவில்லை, எவர்சில்வர் சட்டிக் கம்பெனி வந்தது. ரமணி என்றொரு பெண் வாரம் தவறாமல் கூப்பிட்டு, "அக்கா, சாப்பிட்டீங்களா?" என்று ஆரம்பிப்பாள். அக்கா என்பவளிடம் பட்டென்று போனை வைக்க அக்னஸுக்கு மனசு வராது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்பாள். முதல் நாளே நாலு வார்த்தை திட்டியிருந்தால் சனியன் அன்றோடு விட்டிருக்கும்.

எண்பத்து நாலில், அவள் புருஷன் ஜூலியஸ் நெஞ்சுவலியோடு பினாங்கு ஆஸ்பத்திரியில் கிடந்தார். கூடவே இருந்த அக்னஸை, மாற்றுத்துணி எடுத்து வரச் சொல்லிக் கொழுந்தன் வால்டர்தான் வீட்டுக்கு அனுப்பினான். "அண்ணனை அலோர்ஸ்டாருக்கே மாத்தினாலும் மாத்துவாங்க அண்ணி. நீங்க பஸ் ஏறி இங்க வர, அவரு அங்க போக, வழியில மாறிப் போயிடக் கூடாது. டாக்டர் சொன்னதும் போன் அடிக்கிறேன். அதுவரைக்கும் நகராதீங்க."

துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் மணி அடித்தது. பாய்ந்து எடுத்தாள்.

"அக்கா, சாப்பிட்டீங்களா?"

"ரமணி, வச்சிடும்மா. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரணும்" என்று சொல்லிவிட்டு அக்னஸ் ரிசீவரை வைத்தாள். சந்தேகத்துக்கு மறுபடி எடுத்துப் பார்த்தாள். ரமணி அங்கேயே இருந்தாள்.

"என்னக்கா, வச்சிட்டீங்க?"

அந்தக் காலத்து எக்ஸ்சேஞ்சில் கூப்பிட்டவர் வைத்தால்தான் லைன் விடும். அக்னஸ் வைத்தாள், எடுத்தாள். கம்பியைப் பிடித்து உலுக்கினாள். ரமணியின் குரல் போகவே இல்லை.

"உன் கால்ல விழறேன். என் வீட்டுக்காரருக்கு உடம்பு ரொம்ப முடியல."

"எல்லா அக்காவும் இதைத்தான்லா சொல்றாங்க. ஒரு அக்காவுக்கு மாமியார் மூணு தடவை செத்துட்டாங்க." ரமணி குரலைத் தாழ்த்தினாள். "மேனேஜர் பக்கத்துலயே நிக்கிறாரு அக்கா. வீட்டுக்கு வந்து சட்டியைக் காட்ட ஒரு நாள் குறிக்காம வைக்கக் கூடாதாம். என் வேலை போயிடும்."

அக்னஸ் அழுதாள். மாதாவைக் கூப்பிட்டாள். அசிங்கமாகத் திட்டக்கூடச் செய்தாள். கடைசியில் வேறு வழி தெரியாமல், "சரி, வாங்கிக்கிறேன்" என்றாள். அதோடும் விட்டபாடில்லை. வீட்டு நம்பர் கேட்டாள் ரமணி. புருஷன் பெயர் கேட்டாள், எங்கே வேலை என்று கேட்டாள். ஜூலியஸ், குருண் பேக்டரி என்று அக்னஸ் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "தேங்க்ஸ் அக்கா" என்று லைன் விட்டது.

ரிசீவரை வைத்து அவள் கை எடுப்பதற்குள் மணி அடித்தது. வால்டர்தான். பேச முடியாமல் விம்மினான்.

"திடீர்னு மோசமாயிடுச்சு அண்ணி. உங்ககூடப் பேசணும்னாரு. நர்ஸ் போனைக் கட்டில்கிட்டயே இழுத்துக் கொடுத்தாங்க. நம்பரைச் சுத்திச் சுத்திப் பார்த்தேன், எங்கேஜ். ரிசீவரைக் காதுல வச்சு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கிட்டிருந்தாரு. 'யார்கிட்ட பேசுறா?'ன்னு கேட்டாரு. அப்புறம் ஒண்ணும் பேசல."

அடக்கம் முடிந்ததும் வால்டர் ஆத்திரம் தாங்காமல் டெலிபோன் ஆபீசுக்குப் போனான். கெட்ட வார்த்தை பேசினால், மிரட்டினால் புகார் எடுப்பார்களாம். "ஜுவால் பாராங் புக்கான் சாலா" என்று கைவிரித்தார் கவுண்டரில் இருந்தவர். பொருள் விற்பது குற்றமில்லையாம். பயனீட்டாளர் சங்கத்தில் உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார்கள். சட்டம் வரப் பாடுபடுகிறோம் என்றார்கள். வீட்டுக்குள் காலடி வைத்தால் குற்றம், வீட்டுக்குள் மணி அடித்தால் குற்றமில்லை. நல்ல சட்டம்தான்.

அக்னஸுக்குச் சட்டமும் வேண்டாம், புகாரும் வேண்டாம். யார்கிட்டயும் பேசலைங்க என்று அவரிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்குத்தான் வழியில்லை.

கருப்பு உடுத்தி உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம் மணி அடித்தது.

"அக்கா, சாப்பிட்டீங்களா? சட்டி வந்திடுச்சு. ஜூலியஸ் அண்ணன் ஒரு கையெழுத்துப் போடணும். எப்ப வீட்டுல இருப்பாரு?"

"அவரு செத்துட்டாரு ரமணி."

"அக்கா..."

"அன்னிக்குத்தான். நீ பேசிக்கிட்டிருந்தப்ப. கடைசியா உன்னைத்தான் கேட்டாரு. நான் யார்கிட்ட பேசுறேன்னு."

ரமணி போனை வைக்கவில்லை. அக்னஸும் வைக்கவில்லை. அவளுக்கு இனி வர வேண்டிய போன் எதுவும் இல்லை.